காதை மூடும் ஹெட்போன்: குறைந்த செலவில் தேர்ந்தெடுத்து, சரிசெய்த பதிவு

காதைச் சுற்றி முழுக்க மூடி உட்காரும் ஹெட்போன் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. பையில் போட்டு எடுத்துப் போகிற மாதிரி இருக்க வேண்டும். பயணத்திலும் வேலை மேசையிலும் மணிக்கணக்கில் கேட்க முடிய வேண்டும். செலவும் கைக்கு அடங்க வேண்டும். இப்படித் தேட ஆரம்பித்தால் டிரைவரின் (கப்புக்குள் ஒலியை உண்டாக்கும் பாகம்) அளவு, அதிர்வெண் வீச்சு, எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்கிற விவரங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, தலையில் எப்படிப் பொருந்துகிறது என்பதிலிருந்து தொடங்கினேன். செலவு குறைவாக இருக்கும்போது ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பொருத்தம்தான். கீழே உள்ள சோதனைகளைச் செய்தால் அது உங்களுக்கே கேட்கும்.

விலை ஏற ஏற ஒலியும் மேம்படும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெரூன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று 2017-ல் எழுதினார். விலை உயர்ந்தவை வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. உறுதியான கீல், நல்ல இரைச்சல் நீக்கம், லேசான எடை ஆகியவற்றுக்குக் காசு போகிறது. ஆனால் பேஸும் (தாழ்ந்த ஒலி) குரலும் ட்ரெபிளும் (உயர்ந்த ஒலி) சரியான அளவில் கேட்பதற்கு அதிகச் செலவு கட்டாயமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று ஹெட்போன்களைச் சேர்த்துக்கொண்டேன். ஒன்று, ஸ்டூடியோக்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த வயர் ஹெட்போன். இரண்டாவது, இரைச்சல் நீக்கம் உள்ள புது வயர்லெஸ். மூன்றாவது, நண்பர் ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய வயர்லெஸ். அதில் இரைச்சல் நீக்கம் கிடையாது, ஆனால் 3.5 மி.மீ. ஜாக் உண்டு. குஷன் தோல் உரிந்து கறுப்புத் துகளாக உதிர்ந்துகொண்டிருந்தது, இடது பக்கம் கரகரத்தது.

பின்பக்கம் திறந்த வகையை நான் எடுக்கவே இல்லை. வீட்டில் தனியாகக் கேட்க அது அருமையானது, ஆனால் ஒலி இரண்டு பக்கமும் கசியும். பயணத்துக்கு ஆகாது. காதை மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோவைப் போட்டுப் பார்க்கலாம். 1984-ல் வந்த வடிவம், இன்னும் கிடைக்கிறது. காதின் மேல் லேசாக உட்காரும், மடித்துப் பையில் போடலாம். வெளிச்சத்தம் உள்ளே வரும் என்பதுதான் அதன் எல்லை.

முதலில் அளவுகோல்

ஸ்கேலை எடுத்துக் காதின் உயரத்தையும் அகலத்தையும் அளந்தேன். பெரியவர்களுக்குக் காதின் உயரம் பெரும்பாலும் 6 செ.மீ. முதல் 7 செ.மீ. வரை இருக்கும். குஷனின் உள்துளை அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் காது உள்ளே அடங்கும். பெட்டியில் ‘காதை மூடும் வகை’ என்று போட்டிருக்கும் பல குறைந்த விலை ஹெட்போன்களில் துளை சிறியது. காதின் மேல்நுனியோ மடலோ குஷனுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் போட்டுப் பார்க்கும்போது தெரியாது, ஒரு மணி நேரத்தில் வலிக்கும்.

ஆழத்தையும் பார்க்க வேண்டும். டிரைவருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய ஃபோமில் காது முட்டினால் அந்த இடம் சூடாகும், அரிக்கும். புது வயர்லெஸ்ஸில் துளை போதுமான அளவில் இருந்தும் ஆழம் பற்றவில்லை. ஸ்டூடியோ வகையில் காது தாராளமாக அடங்கியது.

எடை விவரம் பெரும்பாலும் கேபிள் இல்லாமல்தான் தரப்படும். 250 கிராம் வரை எனக்கு நாள் முழுக்கத் தாங்குகிறது. 300 கிராமைத் தாண்டினால் உச்சந்தலையில் ஒரே புள்ளியில் அழுத்துவது தெரிகிறது. ஆனால் எடையைவிட அது எங்கே இறங்குகிறது என்பதுதான் முக்கியம். அகலமான, மெத்தென்ற தலைப்பட்டை கொண்ட 280 கிராம், ஒல்லிப் பட்டையுள்ள 230 கிராமைவிடச் சுகமாக இருக்கலாம்.

கசிவுச் சோதனை

மொத்த வேலையிலும் இந்தச் சோதனைக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி, 40 ஹெர்ட்ஸில் ஒரே சீரான ஒலியை மெதுவாக ஓடவிட்டேன். ஹெட்போனை வழக்கம்போல மாட்டிக்கொண்டு, இரண்டு கப்களையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பார்த்தேன். அழுத்தும்போது ஒலி திடீரென்று பெருத்தால், சாதாரணமாகப் போட்டிருக்கும்போது காற்று எங்கோ கசிகிறது என்று பொருள்.

குஷனுக்கும் தோலுக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்றை டிரைவர் அமுக்கியும் தளர்த்தியும் பேஸை உண்டாக்குகிறது. 40 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 40 முறைதான் அசைவு, அது மெதுவானது. சிறு இடைவெளி இருந்தால் போதும், அழுத்தம் அந்த வழியே வெளியேறிவிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் அசையும் மேல் அதிர்வெண்களுக்கு அப்படித் தப்ப நேரமில்லை. அதனால் கசிவு வந்தால் பேஸ் மட்டும் குறைந்து, குரலும் ட்ரெபிளும் அப்படியே நிற்கும். கேட்பவர் “இந்த ஹெட்போனில் பேஸே இல்லை, கூச்சலாக இருக்கிறது” என்று சொல்லி ஒதுக்கிவிடுவார். நல்ல டிரைவர் மீது வீண்பழி விழும்.

கண்ணாடி போடுபவர்கள் இந்தச் சோதனையைக் கண்ணாடியோடும், கழற்றிவிட்டும் செய்ய வேண்டும். காதுக்குப் பின்னே போகும் கம்பி குஷனைத் தூக்கிப் பிடிக்கிறது. ஸ்டூடியோ வகையில் கண்ணாடியைக் கழற்றியதும் 40 ஹெர்ட்ஸ் தெளிவாகக் கூடியது. மெல்லிய உலோகக் கம்பி உள்ள கண்ணாடியைப் போட்டால் வித்தியாசம் குறைகிறது, தடித்த பிளாஸ்டிக் கம்பியில் அதிகமாகிறது. குஷன் மென்மையாகவும் தடிமனாகவும் இருந்தால் கம்பியைச் சுற்றித் தானே வளைந்து அடைத்துக்கொள்ளும். தாடை எலும்பின் பின்பக்கத்தில், காது மடலுக்குக் கீழே இருக்கும் குழியும் அடிக்கடி கசியும் இடம். விரலை அங்கே வைத்துத் தடவினால் இடைவெளி தெரிந்துவிடும்.

புது வயர்லெஸ்ஸில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். இரைச்சல் நீக்கத்தை ஓடவிட்டால் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் பேஸ் பெரிதாக மாறவில்லை. கப்புக்குள் இருக்கும் மைக் உள்ளே நிலவும் ஒலியைக் கேட்டு, குறைவதை ஓரளவு ஈடுசெய்துவிடுகிறது. அதே ஹெட்போனில் அந்த வசதியை அணைத்ததும் ஒலி மந்தமாகி, கசிவும் வெளிப்பட்டது. தடித்த கண்ணாடி போடுபவர்களுக்கு இரைச்சல் நீக்கம் உள்ள ஹெட்போன் பொருந்துவதற்கு இது நல்ல காரணம். நிறுவனங்கள் இதை ஏனோ பெரிதாகச் சொல்வதில்லை.

ஒலி அளவைச் சமன் செய்தல்

ஒப்பிட்டுக் கேட்கும் முன் மூன்றையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சற்றே சத்தமாக ஒலிப்பது எப்போதும் ‘தெளிவாக’ இருப்பதாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசம்கூடத் தீர்ப்பை மாற்றிவிடும். தடித்த அட்டையில் ஒரு துளை போட்டு, ஒரு பக்கம் போனின் மைக்கையும் மறுபக்கம் ஹெட்போன் கப்பையும் வைத்து, சத்தம் அளக்கும் செயலியில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பார்த்துச் சமன் செய்தேன். இது ஆய்வகத் துல்லியம் இல்லை, ஆனாலும் ஒன்றையொன்று ஒப்பிடப் போதும்.

அப்புறம் பழகிய பதிவுகளைக் கேட்டேன். எனக்கு மிருதங்கம் நல்ல உரைகல். இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் வட்டமாகக் கேட்கிறதா, வலப்பக்கமான வலந்தலையின் கூர்மை குத்தாமல் இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டு கோடிகளும் பிடிபட்டுவிடும். நடுப்பகுதிக்கு, வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒருவர் பேசும் பதிவே சிறந்தது. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று நம் காதுக்கு மனப்பாடம். டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டாலோ ‘ச’ எழுத்துகள் சீறினாலோ உடனே தெரியும். ஸ்டூடியோ வகையில் குரல் மிக நேர்த்தியாக வந்தது. புது வயர்லெஸ்ஸில் பேஸ் குரல் மேல் வழிந்தது. பழையதில் குரல் நன்றாக இருந்தும், கரகரப்பு கேட்கவிடவில்லை.

கரகரப்பைத் தேடியது

20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே ஏறும் ஒற்றை ஒலியை ஓடவிட்டேன். பழையதின் இடது பக்கம் 45 ஹெர்ட்ஸைச் சுற்றி மட்டும் கரகரத்தது, மேலே போனதும் அடங்கியது. டிரைவர் கிழிந்திருந்தாலோ அதன் கம்பிச்சுருள் உரசினாலோ அந்தச் சத்தம் பல அதிர்வெண்களில் தொடரும். ஒரு குறுகிய இடத்தில் மட்டும் வந்தால் ஏதோ ஒன்று டயஃப்ரத்தை (அதிர்ந்து ஒலி எழுப்பும் படலம்) தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் தலைமுடி.

குஷனைக் கழற்றினேன். இதில் குஷனின் உதடு கப்பின் ஓரக் காடியில் செருகப்பட்டிருந்தது, விரலால் நெம்பினால் வந்துவிடுகிறது. வேறு சிலவற்றில் பிளாஸ்டிக் வளையம் கிளிப்பில் மாட்டியிருக்கும், அதைச் சற்றுத் திருப்பி இழுக்க வேண்டும். உள்ளே மெல்லிய ஃபோமுக்கு அடியில், டிரைவரின் காப்பு வலையில் ஒரு முடி குத்திட்டு நின்றது. அதன் மறுமுனை வலை வழியாக உள்ளே இறங்கியிருந்தது.

இந்த வேலைக்கு இரும்பு இடுக்கி வேண்டவே வேண்டாம். டிரைவருக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. இடுக்கியின் முனையை அது வெடுக்கென்று இழுத்தால், வலைக்கு அடியில் இருக்கும் காகிதத்தைவிட மெல்லிய டயஃப்ரம் ஓட்டையாகிவிடும். பிளாஸ்டிக் இடுக்கியால் முடியைப் பிடித்து, நேராக மேல்நோக்கி இழுத்து எடுத்தேன். ஊதவும் இல்லை, வாக்குவம் பக்கமும் கொண்டுபோகவில்லை. காற்றழுத்தமே டயஃப்ரத்தை மடக்கிவிடும். மறுபடி 45 ஹெர்ட்ஸ் ஓடவிட்டபோது சுத்தமாகக் கேட்டது. அந்த ஹெட்போனைப் போட்டியில் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

அதே கையோடு இரண்டு பக்கச் சமநிலையையும் பார்த்தேன். மோனோவாக, இரண்டு பக்கமும் ஒன்றே வரும்படி பதிந்த குரல் நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடவலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே பக்கம் மாறினால் குறை ஹெட்போனிலோ போனிலோ இருக்கிறது, மாறாமல் அதே பக்கம் நின்றால் அது காது. குரல் நடுவே நிற்காமல் தலைக்குள் பரவிக் கிடந்து, பேஸும் காணாமல் போயிருந்தால் யாரோ கேபிளைச் சரிசெய்யும்போது ஒரு பக்கத்தின் இரண்டு கம்பிகளை மாற்றிச் சாலிடர் வைத்திருக்கிறார்கள்.

போனின் சக்தி போதுமா?

வயர் ஹெட்போன் வாங்குபவர்கள் பயப்படும் விஷயம் இம்பீடன்ஸ், அதாவது ஓம் கணக்கில் சொல்லும் மின்தடை. ஓம் அதிகம் என்றால் ஆம்ப்ளிஃபையர் தேவை என்பது பாதி உண்மைதான், கொடுத்த சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்கிற சென்சிட்டிவிட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வயர் ஹெட்போனை இணைக்கப் போனில் மாட்டும் டைப்-சி டாங்கிள்களில் நல்லவை ஏறக்குறைய 1 வோல்ட் தருகின்றன. 32 ஓம் ஹெட்போனுக்கு அது சுமார் 31 மில்லிவாட், 250 ஓமுக்கு வெறும் 4 மில்லிவாட். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் வகைக்கு 1 மில்லிவாட்டில் 96 டெசிபல் என்று விவரம். 4 மில்லிவாட் கொடுத்தால் 6 டெசிபல் கூடி உச்சம் 102. இசையின் சராசரி அளவு உச்சத்தைவிட 10 முதல் 20 டெசிபல் கீழே இருக்கும். அமைதியான அறையில் போதும், மென்மையாகப் பதிந்த கச்சேரிகளுக்கு இழுபறிதான். சோனியின் எம்டிஆர்-7506-க்கு 63 ஓம், 106 டெசிபல். அதே டாங்கிளில் கணக்குப்படி 118 வரை போகும், போன் போதும். ஆனால் அதன் சுருள் கேபிள் கழற்ற முடியாதது, நீட்டினால் 3 மீட்டர். நடந்துகொண்டே கேட்க அது தோதில்லை.

கழற்றி மாட்டும் கேபிளுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஹெட்போனில் முதலில் போவது பிளக்கின் கழுத்தும், கப்புக்குள் கேபிள் நுழையும் இடமும்தான். அங்கே சாதாரண 3.5 மி.மீ. ஜாக் இருந்தால் எந்தக் கேபிளும் பொருந்தும். ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், எம்50எக்ஸ் போன்றவற்றில் திருகிப் பூட்டும் 2.5 மி.மீ. வடிவம். உறுதியாக நிற்கும், ஆனால் அதற்கென்று செய்த கேபிளைத் தேட வேண்டும்.

ப்ளூடூத்தும் பேச்சும்

ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அடிப்படை எஸ்பிசி நல்ல அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும், எல்டாக் 990 வரை. என் காதுக்கு இந்த வித்தியாசம், கண்ணாடிக் கம்பி உண்டாக்கும் வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. கணினியில் கூட்டத்துக்காக ஹெட்போனின் மைக்கை ஓடவிட்டால் ப்ளூடூத் வழக்கமாக அழைப்பு முறைக்கு மாறிவிடும். அப்போது ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் என்ற அளவுக்கு இறங்கி, பழைய டெலிபோன் மாதிரி கேட்கும். ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். மைக்குக்குக் கணினியினுடையதைத் தேர்ந்தெடுத்தால் ஒலி திரும்பிவிடும்.

இரைச்சல் நீக்கம் வண்டி எஞ்சின், மின்விசிறி போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான உறுமலை நன்றாக அடக்குகிறது. பக்கத்தில் பேசுகிற குரலைத் தடுப்பது முக்கியமாகக் குஷனும் கப்பும்தான். உறுமல் அடங்கினால் ஒலியைக் குறைவாக வைத்துக் கேட்கலாம், அது காதுக்கு நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 86-க்குப் போனால் 10 மணி நேரம்தான்.

பழையதைத் தேர்ந்தெடுத்தேன்

மூன்றில் பழைய வயர்லெஸ்ஸையே வைத்துக்கொண்டேன். துளை பெரியது, தலைப்பட்டைக்குள் உலோகத் தகடு, பவரே இல்லாமல் வயரில் ஓடும், திருகுகள் குஷனுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன. ஒலியில் ஸ்டூடியோ வகைதான் முன்னே நின்றது, ஆனால் அது மடிக்காது. நாள் முழுக்க மேசையிலேயே கேட்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

குஷன் மாற்றுவதுதான் மீதி வேலை. தோல் மாதிரி இருக்கும் பாலியூரித்தேன் வியர்வையிலும் ஈரக்காற்றிலும் வேதிமாற்றம் அடைந்து உரியும், எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் ஒருநாள் நடக்கும். மாற்றுக் குஷன் வாங்கும்போது உள்துளை, வெளிச்சுற்று, தடிமன் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டேன். தடிமன் கூடினால் காதுக்கும் டிரைவருக்கும் தூரம் கூடி ஒலியின் சமன் மாறும். வெல்வெட் மாதிரித் துணி வகை குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் காற்றை விடும், பேஸ் குறையும். அதனால் பழைய தடிமனிலேயே செயற்கைத் தோலும் மெதுவாக எழும்பும் மெமரி ஃபோமும் உள்ளதை எடுத்தேன். காடியில் ஒரு புள்ளியில் உதட்டை மாட்டி, அதைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுற்றி இழுத்துக்கொண்டே போனால் இறுதியில் தானே உள்ளே விழுகிறது. பழைய துகள்களை முதலில் செலோடேப்பால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அவை டிரைவருக்குள் போனால் மறுபடி கரகரப்புதான்.

தலையை இறுக்கியதைத் தளர்த்த, தலையைவிடச் சற்றே அகலமான பெட்டியில் இரவு முழுக்க மாட்டி வைத்தேன். தகடு உலோகம் என்பதால் இது பலித்தது. முழுப் பிளாஸ்டிக் பட்டையில் விரிசல் விழும். தளர்த்திய பிறகு 40 ஹெர்ட்ஸ் சோதனையைத் திரும்பச் செய்தேன். அதிகம் தளர்ந்தால் கசிவு வந்துவிடும் என்பதால் ஒரேயடியாக விரிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக விரித்தேன்.

கடைசியில் ஈக்வலைசர், அதாவது அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி. 5000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைக் கேட்டு, எங்கே குத்துகிறது என்று குறித்தேன். எனக்கு அது 8400-ஐ ஒட்டி இருந்தது. காதின் வடிவத்தைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் மற்றவர் எண்ணை அப்படியே போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே குறுகலாக 4 டெசிபல் குறைத்தேன். 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றினேன். ஏற்றிய அளவுக்கு, மொத்த ஒலியைக் குறைக்கும் ப்ரீஆம்பை மைனஸ் 3-ல் வைக்காவிட்டால் சத்தமான இடங்களில் ஒலி உடையும்.

பேட்டரி இன்னும் நன்றாக நிற்கிறது. திறந்தபோதே பார்த்துவைத்தேன்: சிறிய 3.7 வோல்ட் லித்தியம் பை, பலகையில் நேரடியாகச் சாலிடர் செய்திருக்கிறது. மாற்றும் நாள் வரும்போது அளவு எண்ணைத் தேட வேண்டியிருக்கும் என்பதால் மேலே அச்சிட்டிருந்ததைப் படம் எடுத்துக்கொண்டேன். இரண்டு கம்பிகளையும் ஒரே வெட்டில் வெட்டக்கூடாது, கத்தரி வழியே ஷார்ட் ஆகும். முதலில் சிவப்பை வெட்டி, முனையை டேப்பால் மூடி, அதன் பிறகு கறுப்பு.